'அவன்' என்னும் சொல்லுள் அடங்கிய 'அவள்': ஆல்டுபரோ நகரவைத் தேர்தல் வரலாறு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில், வடகடலை நோக்கியவாறு அமைந்துள்ள சிற்றூர் ஆல்டுபரோ. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,400 பேர். கூழாங்கல் பரந்த கரையும், அதன்மேல் இழுத்து நிறுத்தப்பட்ட மீன்படகுகளும், ஓயாத கடற்காற்றுமே அவ்வூரின் அடையாளங்கள். கரைக்கு மிக அருகில் மரச்சட்டங்களால் ஆகிய பழங்கட்டடம் ஒன்று நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதற்கு 'மூட் ஹால்' என்று பெயர். 'மூட்' என்பது மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். மன்றம், பொதியில், அம்பலம் என்று நம் இலக்கியங்கள் வழங்கும் சொற்களோடு அதனை ஒப்பவைத்து எண்ணலாம். ஒருகாலத்தில் அம்மன்றம் ஊர்நடுவே இருந்தது. கடலரிப்பால் தெருக்கள் ஒவ்வொன்றாக அழிய, இன்று அலையோசை கேட்கும் தொலைவில் நிற்கிறது.

அவ்வூர் நகரவை, 1908ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், 72 வயது நிரம்பிய மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையாரைத் தன் மேயராகத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தில் மேயர் பதவி ஏற்ற முதல் பெண்மணி அவரே. அந்நாளில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அந்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஒரு நகரத்துக்குத் தலைமை தாங்கத் தகுதியுடையவர், அந்நகரத்தின் சார்பில் நாடாளுமன்றம் செல்ல வேண்டியவர் யார் எனச் சொல்லத் தகுதியற்றவராக இருந்தார். இம்முரண் எவ்வாறு விளைந்தது என்று தேடிச் செல்வோர் முதலில் காண்பது சட்டங்களில் பயின்றுவரும் ஆண்பாற் சொற்கள் சிலவற்றையே ஆகும். திணையும் பாலும் கற்றோர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அயலானதாகத் தோன்றாது.

ஆல்டுபரோவைப் பாட்டில் வைத்த புலவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் கிராப் என்னும் அவர் 1754இல் அவ்வூரிற் பிறந்தவர். தந்தையார் உப்புவரி தண்டும் அலுவலர். மகன் மருத்துவத் தொழில் பயின்று பிறந்த ஊரிலேயே அதனை நடத்த முயன்று தோற்றார். பின்னர் லண்டன் சென்று வறுமையில் வாடியபோது அவருக்குக் கைகொடுத்தவர் எட்மண்டு பர்க். ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்து நாடாளுமன்றத்தில் 1785இல் முழங்கியவர் என்ற அளவில் இப்பர்க் தமிழகத்தார்க்கும் அறிமுகமானவரே. கிராப் 1810இல் வெளியிட்ட 'தி பரோ' என்னும் நெடும்பாட்டு 24 மடல்களாக அமைந்தது. ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை. எனினும் அதன் கடலும் சேறும் மாந்தரும் ஆல்டுபரோவினரே என்பதில் ஆய்வாளர்க்கு ஐயமில்லை. அவற்றுள் 22ஆம் மடலின் தலைமாந்தனாகிய பீட்டர் கிரைம்ஸ் என்னும் மீனவன், பெஞ்சமின் பிரிட்டன் 1945இல் அரங்கேற்றிய இசைநாடகத்தால் உலகப் புகழ் பெற்றுவிட்டான். ஐந்தாம் மடலை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. அதன் பொருள் தேர்தல்.

அம்மடலில், வாக்குடையோர் வேட்பாளரின் வீட்டுக்குள் புகுந்து உரிமை கொண்டாடும் காட்சியும், தேர்தற் காலத்தில் ஊர் கட்டவிழ்ந்து திரியும் காட்சியும் நகையும் கசப்பும் கலந்து வருகின்றன. மேயர் ஒருவரும் வருகிறார். மீன்பிடித்துப் பொருள் சேர்த்தவர் அவர். சேர்த்ததைப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்த அவருக்கு, பணத்தைப் பிறருக்குக் கொடுத்தால் வட்டி கிடைக்கும் என்னும் செய்தியே பெருவியப்பாக இருந்ததாம். கிராப்பின் எள்ளல் இத்தகையது. நேரிற் கண்டவனது எள்ளல் அது. ஆதலின் அதில் வெறுப்பு மிகவில்லை. அக்காலத்தில் அச்சிற்றூர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பியது. வாக்காளரோ மிகச் சிலர். அவர்தம் வாக்குகள் செல்வர்தம் கைப்பிடியில் இருந்தன. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அவ்விரண்டு இடங்களையும் பறித்தது. மருத்துவத்தில் தோற்றுப் புலவரான ஒருவரின் ஊர், அவர் பாடி ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், மருத்துவத்தில் வென்ற ஒரு பெண்ணைத் தலைவராகக் கொண்டது. பெண்ணொருத்தி அம்மன்றத்தில் மேயராக அமர்வாள் என்று கிராப் எண்ணியிருக்க இயலாது.

நகரவைத் தேர்தல்களுக்கு இன்றைய வடிவின் அடித்தளத்தை அமைத்தது 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமாகும். தம்முள் தாமே ஆள் சேர்த்துக்கொண்டு கதவடைத்து ஆண்ட பழைய நகரக் கழகங்களை அது கலைத்தது. வீட்டில் குடியிருந்து நகரவரி செலுத்துவோர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். உறுப்பினர் மூவாண்டு இருப்பர். அவருள் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் விலக, நவம்பர் முதல் நாளில் தேர்தல் நடக்கும். உறுப்பினர் கூடி ஆறாண்டுக் காலத்துக்கு மூத்த உறுப்பினரைத் தெரிவர். நவம்பர் 9இல் அவை கூடி மேயரைத் தெரியும். ஆல்டுபரோ போன்ற சில சிற்றூர்கள் இச்சட்டத்துக்கு உட்படாமல் பழைய முறையிலேயே நெடுங்காலம் கிடந்தன. அவ்வூர் புதிய நகராட்சிக்கு மாறியது 1885இல்தான். மக்களாட்சி என்னும் சொல்லைப் பெரிதும் நினைவூட்டும் இச்சட்டம், வாக்காளரைக் குறிக்குமிடத்து 'ஆண்மகன் ஒவ்வொருவனும்' என்னும் பொருள்படும் தொடரை ஆண்டது. வரி செலுத்தும் கைம்பெண்ணுக்கும் மணமாகாப் பெண்ணுக்கும் நகரவாயில் அத்தொடரால் அடைபட்டது.

ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்குமா என்னும் வினா இங்குத்தான் எழுந்தது. சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள், வெளிப்படையாக விலக்கப்படாதவிடத்து, பெண்பாலையும் உள்ளடக்கும் என 1850ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1867ஆம் ஆண்டு நாடாளுமன்ற வாக்குரிமைச் சட்டம், 'ஆண்மகன்' என்று வரையாமல், மனிதனையும் ஆடவனையும் ஒருங்கே சுட்டவல்ல 'மேன்' என்னும் சொல்லைப் பெய்திருந்தது. அச்சொல்லுள் தாங்களும் அடங்குவோம் என்று மான்செஸ்டர் நகரில் 5,346 பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் கோரினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1868 நவம்பரில் வந்த தீர்ப்பு, வாக்குரிமை குறித்தவிடத்து அச்சொல் பெண்ணை உள்ளடக்காது என்றது. ஆக, 'அவன் வரி செலுத்துக' என்று சட்டம் சொன்னால் அவளும் செலுத்த வேண்டும். 'அவன் வாக்களிக்க' என்று சொன்னால் அவள் விலகி நிற்க வேண்டும். கடமைக்கு இருபாலுக்கும் பொதுவாகிய சொல், உரிமைக்கு ஒருபாற் சொல்லாகச் சுருங்கியது.

ஒருபாலையோ ஒரு கூட்டத்தையோ சுட்டும் பெயர் பிறரையும் தழுவி வழங்குவதைத் தமிழ் இலக்கணம் அறியாததன்று. தலைமை பற்றியும் பன்மை பற்றியும் பொதுச்சொல் ஒன்று ஒருவரை மட்டும் எடுத்துக் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் பேசுகிறது. பலரும் வாழும் ஊரைத் தலைமையுடையோர் பெயராலோ மிகுதியாக வாழ்வோர் பெயராலோ அழைப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பெயர் சூட்டப்பெறாதோரும் அவ்வூரில் வாழ்கின்றனர் என்பதை உரையாசிரியர் எவரும் மறுக்கவில்லை. ஆங்கில நீதிமன்றம் மறுத்தது. 'உறுப்பினர்', 'வாக்காளர்', 'தலைவர்' என 'அர்' ஈற்றால் இருபாலையும் ஒருங்கே குறிக்கவல்ல மொழிக்கு இவ்வழக்கே நேர்ந்திராது என்று சிலர் பெருமிதம் கொள்ளக்கூடும். அப்பெருமிதத்துக்கு அவ்வளவு இடமில்லை. 'அர்' ஈறு பெற்ற எத்தனை அவைகளில் நம் பெண்கள் அமர்ந்திருந்தனர் என்னும் வினா உடனே எழும்.

1869ஆம் ஆண்டில் நிலைமை சிறிது மாறியது. நகராட்சி வாக்குரிமை பற்றிய திருத்தச் சட்டம் ஒன்று மன்றத்தின் முன் வந்தபோது, மான்செஸ்டர் உறுப்பினர் ஜேக்கப் பிரைட், வாக்களிக்கும் உரிமை தொடர்பான எல்லாவிடத்தும் ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என்னும் ஒரு பிரிவைச் சேர்த்தார். அது பெருத்த எதிர்ப்பின்றி நிறைவேறியது. நாடாளுமன்ற வாக்குரிமைக்கு அத்துணை எதிர்ப்புக் காட்டியோர் இதனை ஏன் விட்டுக்கொடுத்தனர்? சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், ஏழையர் நலம் என்பன வீட்டு வேலையின் நீட்சியே எனக் கருதப்பட்டன. போரும் பேரரசும் அவ்வாறல்ல. பெண்ணைச் சிறுமைப்படுத்திய எண்ணமே அவளுக்கு வாயில் திறக்கவும் காரணமாயிற்று.

எனினும் அவ்வாயில் எல்லாப் பெண்களுக்கும் திறக்கவில்லை. 1872இல் சண்டர்லாந்து நகரவைத் தேர்தல் பற்றிய வழக்கொன்று அரசி நீதிமன்றத்தின் முன் வந்தது. இரு பெண்களின் வாக்குகள் செல்லுமா என்பதே வினா. ஒருத்தி, பட்டியலில் பெயர் சேர்ந்தபின், தேர்தலுக்கு முன்னர் மணமுடித்தவள். மற்றவள், கணவனைப் பிரிந்து வாழ்ந்து தன் பெயரில் வரி செலுத்தியவள். இரு வாக்குகளும் செல்லா என்றது தீர்ப்பு. 1869ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணாய்ப் பிறந்ததால் வந்த தடையையே நீக்கியது; மனைவியானதால் வந்த தடையை நீக்கவில்லை என்பது நீதியரசர்தம் கருத்து. மணமான பெண்ணுக்குக் கணவனின் வேறான சட்ட இருப்பு இல்லை என்பது அந்நாட்டுப் பழைய பொதுச்சட்டம். கணவனைப் பிரிந்தவளுக்கும் அதுவே சட்டம். பட்டியலில் பெயரிருந்தும், தேர்தலுக்குச் சில நாள் முன்னர்த் திருமணம் செய்துகொண்டதால் ஒருத்தி வாக்கிழந்தாள் எனின், திருமணம் என்பது அச்சட்டத்தின் கண்ணில் யாது என்பது விளங்கும்.

இதன் விளைவு நம்மவர்க்குப் பெரிதும் வியப்பளிப்பதாகும். நம் புறநானூற்றில் கைம்மை என்பது உணவும் உறக்கமும் அணியும் இழந்த நிலை. பெருங்கோப்பெண்டு அந்நிலையினும் ஈமத்தீயை மேலெனக் கருதினாள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நகரச் சட்டத்திலோ, கணவனை இழந்த பின்னரே பெண் நகரத்தின் கண்ணுக்குப் புலப்பட்டாள். ஓரிடத்தில் கணவனோடு எல்லாம் போயின. மற்றோரிடத்தில் கணவன் போனால்தான் வாக்கு வந்தது. இரண்டினும் பெண்ணின் நிலையை அளக்கும் கோல் கணவனே என்பதை மறுப்பதற்கில்லை.

எலிசபெத் காரெட் 1836 ஜூன் 9இல் லண்டனில் பிறந்தவர். தந்தையார் நியூசன் காரெட், குடும்பத்தோடு ஆல்டுபரோவிற் குடியேறித் தானிய வாணிகமும் படகு வாணிகமும் நடத்திப் பெருஞ்செல்வரானவர். அவர் ஸ்நேப் என்னும் இடத்தில் எழுப்பிய மாவுத்தானியக் கிடங்குகளின் ஒரு பகுதி, 1967முதல் ஆல்டுபரோ இசைவிழாவின் அரங்காகப் பயன்பட்டு வருகிறது. மகள் மருத்துவராக விரும்பியபோது முதலில் அருவருத்த தந்தை, பின்னர் அவருக்கு உறுதுணையானார். கல்லூரிகள் கதவடைத்தன. மருந்தாளர் கழகத்தின் விதியில் பெண்களை விலக்கும் சொல் இல்லாமையைக் கண்டு, அவ்விடைவெளி வழியே நுழைந்து 1865இல் உரிமம் பெற்றார். பெற்றவுடன் கழகம் தன் விதியை மாற்றி அவ்வழியை அடைத்தது. இங்கும் ஒரு சொல்லின் இன்மையே கதவு திறந்ததும், சொல்லைச் சேர்த்தே கதவு மூடியதும் காணத்தக்கன. 1870இல் பாரிசு நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் பள்ளி வாரியத்துக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. பெண்களும் வேட்பாளராகலாம் என 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளித்தது. மேரிலபோன் பகுதியில் ஏழு இடங்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஏழு வாக்குகள். விரும்பினால் ஏழையும் ஒருவருக்கே அளிக்கலாம். எலிசபெத் பெற்றவை 47,858. அடுத்து வந்தவர் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஹக்சிலி. அவர் பெற்றவை 13,494. ஏழைப் பெண்களுக்கு அவர் 1866முதல் நடத்திய மருத்துவமனையை மக்கள் நன்கறிந்திருந்தனர். அத்தேர்தலில் உடனிருந்து உழைத்த கப்பல் வணிகர் ஸ்கெல்டன் ஆண்டர்சனை 1871இல் மணந்தார். மறுஆண்டே சண்டர்லாந்துத் தீர்ப்பு வந்தது. லண்டனில் எந்த ஆடவரும் பெறாத வாக்குகளைப் பெற்ற அம்மையார், மணமானமையால், எந்த நகரவைத் தேர்தலிலும் வாக்களிக்க இயலாதவரானார்.

வாக்களிக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்படும் உரிமையை உள்ளடக்குமா என்பது அடுத்த வினா. 1889இல் லண்டன் மாவட்ட அவைக்கு நடந்த முதல் தேர்தலில் சாண்டர்ஸ்டு சீமாட்டியாரும் ஜேன் காப்டனும் வென்றனர். சீமாட்டியாரிடம் தோற்றவர் வழக்காடினார். 1869ஆம் ஆண்டுப் பிரிவு 'வாக்களிக்கும் உரிமை' என்று மட்டுமே சொல்கிறது. ஆதலின் பெண்பால் அங்கு மட்டுமே அடங்கும், பதவிக்கு அடங்காது என்று தீர்ப்பாயிற்று. பெண்களுக்குக் கதவு திறந்த அதே சொற்றொடர், இருபது ஆண்டு கழித்து அவர்களை வெளியேற்றும் கருவியாயிற்று! வழக்கில் தோற்ற வேட்பாளருக்கே இடம் வழங்கப்பட்டது. ஜேன் காப்டன்மீது தேர்தல் வழக்கு எதுவும் உரிய காலத்தில் தொடுக்கப்படவில்லை. ஆதலின் அவரது இடம் தப்பியது. ஆயினும் அவையில் வாக்களித்தமைக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எஞ்சிய காலத்தை அவர் வாய்மூடிய உறுப்பினராகக் கழித்தார். 1894இல் சிற்றூர், வட்டார அவைகளில் மணமான பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 1899இல் லண்டன் பெருநகரப் பகுதி அவைகள் அமைந்தபோது, மக்களவை இசைந்தும் பிரபுக்கள் அவை பெண்களை விலக்கியது. ஒருபடி ஏறுவதும் ஒருபடி இறங்குவதுமாக இவ்வாறு கால்நூற்றாண்டு கழிந்தது.

இறுதியாக 1907 ஆகஸ்டு 28இல் பெண்கள் தகுதிச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. பெண்ணாயிருத்தலோ மணமாகியிருத்தலோ நகரவை, மாவட்ட அவை உறுப்பினராதற்கும், மேயராதற்கும் தடையாகாது என்றது அச்சட்டம். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தல்களிலேயே ரெடிங்கில் ஈடித் சட்டன், ஹை விக்கம் நகரில் தலைமையாசிரியர் பிரான்சிஸ் டவ் போன்றோர் வென்றனர். 1908இல் டவ் அம்மையாரை மேயராக்கும் முயற்சி நடந்தது, அது தோல்வியுற்றது. ஈடித் சட்டன் ரெடிங்கின் மேயராதற்கு 1933வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்டுபரோ காத்திருக்கவில்லை.

அதற்குரிய காரணங்களை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அம்மையார் புகழ்பெற்ற மருத்துவர். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு இருபது ஆண்டுகள் தலைவராயிருந்தவர். ஓய்வு பெற்றுத் தந்தையின் ஊருக்கே வந்து வாழ்ந்தவர். தந்தையும் கணவரும் அவ்வூரின் மேயர்களாக இருந்தவர்கள். கணவர் 1907இல் மறைந்தார். சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டு. ஒரு குடும்பத்தின் ஊர் என்று சொல்லத்தக்க சிற்றூரில், அக்குடும்பத்தில் எஞ்சிய மூத்தவரிடம் பதவி வந்தது என்பதும் உண்மையே. புரட்சி மனப்பான்மையால் மட்டும் அவ்வூர் நகரவை இதனைச் செய்தது எனக் கூறுவார் கூற்று மிகையாகும். ஆனால், பிற ஊர்களிலும் செல்வக் குடும்பத்துப் பெண்கள் இருந்தனர்; அவர்கள் அவ்வாறு தெரியப்படவில்லை. குடும்பப் பெயர் வழியைக் காட்டியிருக்கலாம். அவ்வழியே நடக்க நாற்பதாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

அப்பதவியும் முழுமையாக வரவில்லை. ஆடவர் ஒருவர் மேயரானால், அப்பதவி வழியாகவே மாஜிஸ்திரேட் ஆகி, நகர நீதிமன்றத்தில் அமர்வார். 1907ஆம் ஆண்டுச் சட்டம், பெண் மேயர் அவ்வாறு மாஜிஸ்திரேட் ஆகமாட்டார் எனத் தனியே ஒரு விலக்கை எழுதி வைத்தது. தெருவுக்கு விளக்கேற்றலாம், சாக்கடையைச் சீர்செய்யலாம், அத்தெருவில் திருடிப் பிடிபட்டவன்மீது தீர்ப்புச் சொல்ல இயலாது. மேயரின் சங்கிலியை அணிந்த கழுத்துக்கு நீதியிருக்கை மறுக்கப்பட்டது. சட்டம் இயற்றியோர் பெண்ணிடம் இரக்கத்தையும் தூய்மையையும் எதிர்பார்த்தனர். தண்டிக்கும் அறிவை எதிர்பார்க்க அவர்க்கு மனம் வரவில்லை.

அம்மையார் நகரவையோடு நின்றுவிட்டவரல்லர். 1866 ஜூனில், ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட வாக்குரிமை விண்ணப்பத்தை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு எடுத்துச் சென்ற இருவருள் அவர் ஒருவர். அங்கே ஆப்பிள் விற்ற பெண்ணின் கடைக்குக் கீழே அச்சுருளை மறைத்து வைத்துக் காத்திருந்து, ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தனர். 44 ஆண்டுகளுக்குப் பின், 1910 நவம்பர் 18இல், 74 வயதில், எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாருடன் மீண்டும் அதே நாடாளுமன்ற வாயிலுக்கு நடந்தார். முதல் அணியில் சென்றோருள் பஞ்சாப் அரசர் துலீப் சிங்கின் மகள் சோபியாவும் ஒருவர். துலீப் சிங் வாழ்ந்த மாளிகை ஆல்டுபரோ இருக்கும் அதே சஃபோக் மாவட்டத்தைச் சேர்ந்தது. வாக்கில்லாதவர் வரி செலுத்தார் என்று கூறி, சோபியா வரி மறுத்து நீதிமன்றம் ஏறியவர். வரியும் வாக்கும் பற்றிய பழைய வினா அவர் வாயிலாக மறுபடியும் எழுந்தது. அன்று முதலமைச்சர் ஆஸ்குவித் அவர்களைக் காண மறுத்தார். பின்னே வந்த பெண்கள் காவலரால் அடித்துத் தள்ளப்பட்டனர். அந்நாள் 'கரிய வெள்ளி' எனப் பெயர் பெற்றது. சாளரம் உடைத்தல் போன்ற வன்செயல்கள் மிகுந்தபோது, 1911இல் அம்மையார் அவ்வியக்கத்திலிருந்து விலகினார். அவருடைய தங்கை மில்லிசென்ட் பாசெட் அறவழி இயக்கத்தின் தலைவர். மகள் லூயிசாவோ 1912இல் சிறை சென்றவர். ஒரே குடும்பத்துள் மூவர் மூன்று நிலையில் நின்றனர்.

1917 டிசம்பர் 17இல் எலிசபெத் ஆல்டுபரோவில் மறைந்தார். முப்பது வயது நிரம்பிய பெண்களுள் தகுதியுடையோர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமை அளித்த சட்டம் 1918 பிப்ரவரி 6இல் ஒப்புதல் பெற்றது. இடைப்பட்டவை 51 நாட்கள். அதே சட்டம், வாக்காளரின் மனைவியருக்கும் நகரவை வாக்கை வழங்கி, சண்டர்லாந்துத் தீர்ப்பின் பிடியைத் தளர்த்தியது.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உண்மையான தொடர்பொன்று உண்டு. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞராகிய கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தார். ஆடவர் மருத்துவரிடம் காட்ட மறுத்து மகப்பேற்றில் மடிந்த பெண்களின் துயர் அவரை உலுக்கியது. மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்டு பால்பரின் ஆதரவால், 1875இல் மேலும் மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878இல் உரிமம் பெற்று, மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றபோது அவருக்கு ஆதரவளித்தோருள் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் ஒருவர். பட்டம் பெற்று 1883இல் சென்னை திரும்பிய ஷார்லீப் முயற்சியால், 1885இல் பெண்களுக்கான மருத்துவமனை தோன்றியது. அதுவே திருவல்லிக்கேணிக் கடற்கரையை அடுத்து இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. உடல்நலம் குன்றி 1887இல் லண்டன் திரும்பியவர், எலிசபெத் அமைத்த பெண்கள் மருத்துவமனையில், 1892இல் அவரை அடுத்துத் தலைமை அறுவை மருத்துவரானார்.

1919 டிசம்பர் 23இல், பால் காரணமாக எப்பதவியும் மறுக்கப்படலாகாது என்னும் சட்டம் ஒப்புதல் பெற்றது. மேயராகும் பெண்ணை நீதியிருக்கையிலிருந்து விலக்கிய பழைய பிரிவு அத்துடன் வலுவிழந்தது. எட்டாம் நாள், டிசம்பர் 31இல், ஸ்டேலிபிரிட்ஜ் என்னும் சிறு நகரின் மேயராக அப்போது இருந்த ஏடா சம்மர்ஸ் அம்மையார், அப்பதவி வழியாகவே மாஜிஸ்திரேட் ஆகி, அந்நாட்டின் நீதியிருக்கையில் அமர்ந்த முதல் பெண்மணியானார். மறுஆண்டு லண்டனில் அவ்விருக்கை பெற்ற தொடக்கக்காலப் பெண்களுள், சென்னையில் மருத்துவம் கற்ற மேரி ஷார்லீப்பும் ஒருவர். ஆல்டுபரோ தன் நகராட்சித் தகுதியை 1974இல் இழந்தது. எனினும் ஊரவையும் மேயர் பதவியும் தொடர்கின்றன. உறுப்பினர் கூட்டம் இன்றும் அப்பழைய மன்றத்தின் மேல்மாடியில் நடைபெறுகிறது.